பொடிசின் முகம்

வழக்கறிஞர் போடும் கறுப்பு அங்கியும் மருத்துவர் போடும் வெள்ளைக் கோட்டும் அவள் கையில் ஒரே மெஷினில்தான் உருவாயின. நூலை மட்டும் மாற்றிக்கொள்வாள். நீதிமன்றத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவில் ஓடும் தெருவில், ஒரு புத்தகக் கடையை ஒட்டியிருந்த மாடிப்படிக்கு அடியில் அவளுடைய தையல் கடை இருந்தது. கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு மெஷின், ஒரு வெட்டு மேசை, அளவு பார்க்கச் சுவரில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். வருகிறவர்கள் நிமிர்ந்தால் படியின் அடிப்பக்கம் தலையில் இடிக்கும். அவளுக்கு இடித்ததே இல்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக வில்போல் வளைந்தவை. நிமிர்ந்து நின்றாலும் வெட்டு மேசை அவள் நெஞ்சுக்கு வரும். மெஷினுக்கு மோட்டார் வைத்து, அதன் மிதியை ஒரு மரக்கட்டையின் மேல் தூக்கி வைத்திருந்தாள்.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கோட்டக்கா. ஒருத்தி சொல்லி, அடுத்த வருடம் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் நீதிமன்றத்துப் பெரிய வழக்கறிஞர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பக்கத்துப் புத்தகக் கடைக்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் கோட்டக்கா என்பார். உங்களுக்கு நான் எப்படி அக்கா ஆவேன் என்று அவள் கேட்டால், காலேஜ் கொடுத்த பட்டத்தை மறுக்க நான் யாரு என்பார்.

அவர் கடையில் கதைப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் தொழிலுக்கும் படிப்புக்குமான புத்தகங்கள். சட்டம் ஒரு சுவர், மருத்துவம் ஒரு சுவர், சுற்றுச்சூழல் அறிவியல் கதவுக்குப் பின்னால் அரைச் சுவர். சட்டப் புத்தகம் வாங்க வருபவன் பேரம் பேசுவான், மருத்துவப் புத்தகம் வாங்க வருபவன் கனத்தைப் பார்த்துப் பயப்படுவான், சுற்றுச்சூழல் புத்தகத்தை மட்டும் எல்லாரும் ஆர்வமாகப் புரட்டிவிட்டு நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவர் புலம்புவார். கோட்டக்கா அந்தப் புத்தகங்களை வருடக்கணக்காக முதுகுப் பக்கமாகவே பார்த்து வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

சந்துக்குள் ஒரு கீழ்த்தளத்து அறையில் அவளும் அம்மாவும் குடியிருந்தார்கள். படி ஏற வேண்டாம் என்பதற்காக வெயிலே எட்டிப் பார்க்காத அந்த அறையை விடாமல் வைத்திருந்தார்கள். அப்பா போய் வெகுநாளாகிவிட்டது. ஒன்றிரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்தது. அவள் உட்கார்ந்திருந்தவரை நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு, எழுந்து நடந்ததும் நின்றுபோனது. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுதவள் அல்ல. கை ஓயாத தொழில் இருந்தது. அம்மா இருந்தாள்.

ஒரு நாள் மதியம், கடைசி வருடம் படிக்கும் மாணவி ஒருத்தி கோட்டின் கை நீளத்தைக் குறைக்க வந்தாள். பரீட்சைக் காலம். அளவு எடுக்கும் நேரத்தைக்கூட விட மனமில்லாமல், கையிலிருந்த தடிமனான புத்தகத்தை வெட்டு மேசைமேல் விரித்து வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கோட்டக்கா குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி அவள் மணிக்கட்டில் துணியை மடித்துக் குத்தினாள். அடுத்த ஊசியை எடுக்கத் தலையைத் திருப்பியபோது பார்வை பக்கத்தின் மேல் விழுந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் இரண்டு சிறுமிகள் கவுன் போட்டு நின்றார்கள். மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்திருந்தாள். நாலு கால்களும் வளைந்திருந்தன, இளையவளுடையவை மிக மோசம். இருவர் கண்களின் மேலும் ஒரு கறுப்புப் பட்டை. கோட்டக்கா கால்களைப் பார்க்கவில்லை. தையல்காரியின் கண் முதலில் துணிக்குத்தான் போகும். இளையவளின் கவுனில் அடி விளிம்பை இறக்குவதற்கு வேறு துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. கோடு போட்ட துணி. கோடுகள் மேலும் கீழுமாகப் போகாமல் குறுக்காகப் போயின, துணி போதாமல் திருப்பி வைத்துத் தைத்ததால்.

அப்பாவின் சட்டை அது. அம்மா கையால் தைத்த ஒட்டு.

அவள் உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். பிறகு இந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் என்று மாணவியிடம் கேட்டாள்.

"யாரோ பேஷன்ட்டுங்கக்கா. பேரெல்லாம் போட மாட்டாங்க" என்றாள் மாணவி. படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்துக் காட்டினாள். ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்ததால் எலும்புகள் பாதிக்கப்பட்ட சகோதரிகள். படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வார்த்தையில் குரல் இறங்கி, கோட்டக்காவின் கால்களைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடவும் முடியாமல் திறந்து வைக்கவும் முடியாமல் தவித்தாள்.

"பயப்படாதம்மா. நான்தான் அது" என்றாள் கோட்டக்கா. "பக்கத்துல நிக்கறது என் தங்கச்சி."

தங்கையை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லுடைக்கிற குவாரியை ஒட்டிய குடியிருப்பில் அவர்கள் வளர்ந்தார்கள். அங்கே முன்பெல்லாம் தண்ணீருக்குப் பெண்கள் வெகுதூரம் நடக்க வேண்டும். குவாரி முதலாளி ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்தபோது குடியிருப்பே அவரை வாயார வாழ்த்தியது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். அதைக் குடித்த பிள்ளைகளுக்கு முதலில் பல் பழுப்பேறியது. பிறகு கால் வளைந்தது. கிணறு வந்த பிறகு பிறந்தவள் பொடிசு. அவள் குடித்ததெல்லாம் அந்தத் தண்ணீர்தான். நாலெட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். மற்ற நேரமெல்லாம் அக்காவின் இடுப்பில்தான் சவாரி.

ஒரு நாள் மருத்துவர் ஒருவர் ஆட்களோடு வந்தார். தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்தார்கள், பிள்ளைகளின் காலை நாடா வைத்து அளந்தார்கள். அக்கா தங்கையைப் பள்ளிக்கூடச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மருத்துவர் நல்ல மனிதர். அவர் அலையாய் அலைந்ததால்தான் பின்னால் அந்தக் கிணற்றை மூடினார்கள். மூடுவதற்குள் பொடிசுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. தண்ணீரால்தானா என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரியில் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. முகமும் கையும் ஊதிக்கொண்டே போய், ஒரு மாதம்கூடத் தாங்காமல் போய்விட்டாள். குடும்பம் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தது.

பொடிசுக்கென்று வீட்டில் ஒரு படமும் கிடையாது. எடுக்க நினைத்து, அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டு, எடுக்காமலே விட்டுவிட்டார்கள். நாள் போகப் போக அவள் முகம் நழுவத் தொடங்கியது. கண்ணை மூடினால் கடைசி வாரங்களில் பார்த்த அந்த வீங்கிய முகம்தான் வந்தது. அதற்கு முன்னால் இருந்ததை அது மூடிவிட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் என்று கோட்டக்காவுக்குத் தெரியும். இருவரும் அதை ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று மாலை அவள் புத்தகக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு ஏணியில் ஏறி அந்த மருத்துவப் புத்தகத்தின் பழைய பதிப்பு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அதிலும் படம் இருந்தது. அதற்கு முந்தைய பதிப்பிலும் இருந்தது. அவருக்கு எங்கோ பார்த்த ஞாபகம். கதவுக்குப் பின்னால் போய், நிலத்தடி நீர் மாசு பற்றிய சுற்றுச்சூழல் புத்தகத்தைப் புரட்டினார். அங்கேயும் அதே சுவர், அதே இரண்டு சிறுமிகள். கடைசியாகத் தண்ணீர் உரிமை பற்றிய சட்டப் புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்தார். குவாரிக் குடியிருப்பு மக்கள் போட்ட வழக்கு தள்ளுபடியானதை அதில் நாலு பக்கத்துக்கு விவரித்து, நடுவில் இதே படத்தைப் போட்டிருந்தார்கள்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு புத்தகத்துக்கு அவர்கள் எலும்பு. இன்னொன்றுக்குத் தண்ணீர். மற்றொன்றுக்கு வழக்கு. எதிலும் பொடிசு செத்துப்போன செய்தி இல்லை. எல்லாப் புத்தகத்திலும் அவள் இன்னும் அக்கா கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட விலைக்குப் போகாம கிடக்கறதுதான், எடுத்துட்டுப் போங்க" என்று பழைய பதிப்பை அவர் அவள் பையில் வைத்தார். வழக்கமான கிண்டல் எதுவும் அவர் வாயில் அன்று வரவில்லை.

அம்மா புத்தகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள். முதலில் அவள் தொட்டது ஒட்டுத் துணியை. "உங்கப்பா சட்டை" என்றாள். பிறகு விரல் மேலே போய் அந்தக் கறுப்புப் பட்டையில் நின்றது. துணியில் ஒட்டியிருக்கிற விலைச்சீட்டைச் சுரண்டுவதுபோல நகத்தால் மெல்லச் சுரண்டினாள்.

"ஏண்டி கண்ணைக் கட்டி வச்சிருக்காங்க? இதுங்க என்ன தப்பு பண்ணுச்சு?"

தப்புக்காக இல்லை, பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள் என்று கோட்டக்கா சொன்னாள். மாணவி அவளுக்குச் சொன்னது அதுதான்.

"யாருக்குத் தெரியப் போகுது? அவளைத் தெரிஞ்சவங்க நாம ரெண்டு பேருதான்" என்றாள் அம்மா. அப்புறம், புத்தகத்தைக் கீழே வைக்காமலே, பட்டை போடாத படம் எங்கேயாவது இருக்குமா என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் கோட்டக்காவைக் கிளப்பியது. அம்மா தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்காதவள்.

பதிப்பகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. புத்தகக் கடைக்காரர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அலுவலகம் மாடியில் என்று தெரிந்தது. படியைப் பார்த்து அவள் தயங்கி நிற்க, பதிப்பாசிரியையே இறங்கி வந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். கட்டுக்கட்டாகப் புத்தகம் அடுக்கிக் கிடந்த கீழ் அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கோட்டக்கா புத்தகத்தைத் திறந்து காட்டி, இது நானும் என் தங்கையும் என்றாள். அம்மையாரின் முகத்தில் ஈயாடவில்லை. நீங்கள் புகார் கொடுக்க வந்திருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

"புகாரெல்லாம் இல்லம்மா. படம் கேட்டு வந்திருக்கேன். இந்தப் பட்டை இல்லாத படம்."

அம்மையாருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணாடியைக் கையில் எடுத்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தங்களிடம் இருப்பது பட்டை போட்ட படம் மட்டும்தான் என்றார். மருத்துவரே பட்டை போட்டுத்தான் அனுப்பினாராம், பிள்ளைகள் பெரியவர்களாகும்போது அவமானப்படக் கூடாது என்று. அவர் காலமாகிவிட்டார். அவர் எடுத்த படங்களெல்லாம் மருத்துவக் கல்லூரியில் அவருடைய துறைக்கே போய்விட்டன. எந்தக் கல்லூரி என்று கேட்டால், கோட்டக்காவின் கடைக்கு எதிரே இருப்பதுதான். அந்தத் துறைக்காரர்களுக்கு எத்தனை கோட்டு தைத்துக் கொடுத்திருப்பாள்.

அம்மையார் துறைக்கு ஒரு சிபாரிசு எழுதிக் கொடுத்தார். வாசல்வரை கூடவே வந்தவர் அங்கே தயங்கினார்.

"நீங்க யாருன்னு இப்ப எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே தெரியாத மாதிரி நாங்க இருக்க முடியாதும்மா. ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கோட்டக்காவுக்கு அப்போது விளங்கவில்லை. சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கல்லூரியில் அந்தத் துறையின் பழைய பொருட்களை வைக்கும் அறை ஒரு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. சாவி வைத்திருந்த ஊழியர் அவளுக்குப் பழக்கமானவர்தான். மகன் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கக் கொடுத்து, உடம்பு பெருத்துப் போனதால் அதையே இரண்டு முறை பிரித்துத் தைக்க வைத்தவர். அவர் உற்சாகமாகத்தான் அலமாரியைத் திறந்தார். திறந்ததும் புளித்த வாடை அடித்தது. மாடிக் கழிவறையிலிருந்து எப்போதோ தண்ணீர் ஒழுகி, யாரும் கவனிக்காமல் உள்ளே இறங்கியிருந்தது. பெட்டி பெட்டியாக இருந்த படங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கிடந்தன. ஊழியர் பிளேடு வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நிறம் கலங்கிய கறைகள்தான் தெரிந்தன. அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டையும் மறந்து அவர் தேடினார்.

கடைசியில் ஒரு பழுப்பு உறை கிடைத்தது. மேலே மருத்துவரின் கையெழுத்தில் குவாரிக் குடியிருப்பு, சகோதரிகள் என்று எழுதியிருந்தது. கோட்டக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். உள்ளே இருந்த பிலிம் உறையின் தாளோடு ஒட்டியிருந்தது. ஊழியர் மூச்சை அடக்கி, ஓரத்தில் பிளேடைக் கொடுத்து, தன்னால் முடிந்த அளவு மெதுவாக இழுத்தார். பாதி வந்தது. மேல் பாதியில் இருந்ததெல்லாம் தாளிலேயே தங்கி, பழுப்புக் குழம்பாகிவிட்டது. விளக்கில் பிடித்தபோது கீழ்ப் பாதி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒட்டுத் துணி, கோர்த்த கைகள், நாலு கால்கள்.

மறுபடியும் கால்கள்தான்.

ஊழியர் தான் ஏதோ தவறு செய்துவிட்டவர்போல நின்றார். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தாழ்வாரத்தில் வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அம்மாவிடம் படம் எதுவும் மிஞ்சவில்லை என்று மட்டும் சொன்னாள். அம்மா சரி என்று எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். பற்றவைத்த அடுப்பில் எதையும் ஏற்றாமல் அதன் முன்னால் நின்றாள்.

சில வாரம் கழித்துப் பதிப்பாசிரியையே கடை தேடி வந்தார். படியடியில் தலையை இடித்துக்கொண்டு, தேய்த்தபடியே உட்கார்ந்தார். புத்தகத்தின் புதிய பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் நோயாளியின் படத்தைப் போட வேண்டுமென்றால் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அந்தக் காலத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஆள் யாரென்று தெரியாதவரை பழைய படம் பழையபடி போய்க்கொண்டிருந்தது. இப்போது ஆள் வந்து நின்றுவிட்டதால் இரண்டில் ஒன்றுதான். அவளும், இறந்த பிள்ளைக்காக அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் படத்தை எடுத்துவிடுவார்கள். சுற்றுச்சூழல் புத்தகமும் சட்டப் புத்தகமும் போட்டவர்களுக்கும் அந்தத் தகவல் போய்விட்டது, அவர்களும் அதையேதான் செய்வார்கள்.

தனக்கு அதை எடுக்க மனமில்லை என்றார் அம்மையார். அந்தப் படத்தைப் பார்த்து எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள், அதைக் காட்டி எத்தனையோ கிணறுகளைச் சோதிக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் வற்புறுத்த எனக்கு வாயில்லை என்றும் சொன்னார்.

முகத்தைக் கேட்டுப் போன தானே இருந்ததையும் தொலைக்க வழி செய்துவிட்டோமோ என்று கோட்டக்காவுக்குத் தோன்றியது. அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கையெழுத்துப் போடலாம் என்றாள். அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு சில நாள் வீட்டில் பேச்சே இல்லை. தட்டு வைக்கும் சத்தமும் எடுக்கும் சத்தமும்தான். பொதுவாகச் சண்டை என்றால் அம்மா ஒரு நாளில் இறங்கி வந்துவிடுவாள். இந்த முறை அசையவில்லை. கடைசியில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கோட்டக்காதான் பொறுக்க மாட்டாமல் திரும்பினாள்.

"எடுத்துட்டா அவ எங்கயுமே இருக்க மாட்டாளேம்மா. நமக்குப் பின்னாடி யாரு இருக்கா, இப்படி ஒருத்தி இருந்தான்னு சொல்ல?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"புத்தகத்துல இருக்கறது அவ இல்லடி. அவ காலு. ஊரு உலகமெல்லாம் அந்தக் காலைப் பார்த்தாச்சு." அடுத்த புடவையை எடுத்து உதறினாள். "அவளால நாலு நிமிஷம் நிக்க முடியாது. எத்தனை வருஷமா நிக்க வச்சிருக்காங்க. போதும், உட்காரச் சொல்லு."

கோட்டக்கா ஒற்றைச் செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்கு அந்தக் குழந்தையின் முகம் மறந்து வெகுநாளாகிவிட்டது என்று முதல்முறையாகச் சொன்னாள். பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று பயந்து இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். எனக்கும் மறந்துபோச்சும்மா என்றாள் மகள். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். குடத்தோடு போன ஒருத்தி இவர்களைப் பார்த்து, கடை இன்னும் திறக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"சிரிச்சா சத்தமே வராது அவளுக்கு" என்றாள் அம்மா, யாரிடமோ பேசுவதுபோல. "தோளு மட்டும்தான் குலுங்கும். அழுவறாளோன்னு ஓடிப்போய்ப் பார்ப்பேன்."

கோட்டக்கா அதை மறந்திருந்தாள். அம்மா சொன்னதும் அவள் இடுப்பு அதை உணர்ந்தது. இடது பக்கம், அந்தச் சின்னக் கனமும், ஓசை இல்லாமல் உடம்பு முழுக்க ஓடுகிற குலுக்கலும். முகம் வரவில்லை. அது மட்டும் வந்தது. அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அம்மா அவள் முதுகில் கை வைத்தாள்.

படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். பதிப்பாசிரியை அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, நான் செய்யக்கூடியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, நல்லா எழுதுங்கம்மா, பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க என்றாள்.

அந்த மாதமே கோட்டக்கா அம்மாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம், அம்மா தனியாக ஒரு படம். அம்மா வெளிச்சம் கூசி ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டூடியோக்காரர் பொறுமைசாலி. கண் திறந்த படம் வரும்வரை கோட்டக்கா விடவில்லை.

புதிய பதிப்பு வெளிவருவதற்கு முன்பே அம்மா காலமாகிவிட்டாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் விடியும்போது மூச்சில்லை. வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், கஷ்டம் தராமல் போய்விட்டாள், புண்ணியவதி என்றார். கோட்டக்கா தலையாட்டினாள். அறையில் இரண்டு கட்டில்களையும் சேர்த்துப் போட்டால் அவளுக்கு வசதியாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் சேர்க்கவில்லை.

மழை விட்ட ஒரு முற்பகலில் புத்தகக் கடைக்காரர் புதிய பதிப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். கொண்டுவரலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக மேசைமேல் வைத்திருந்தாராம். அவளே பக்கத்தைத் தேடி எடுத்தாள். படம் இருந்த இடத்தில் எலும்புகளைக் கோட்டோவியமாக வரைந்திருந்தார்கள். தொடை எலும்பு, முழங்கால் மூட்டு, வளைந்த கால் எலும்பு, ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர். சுவர் இல்லை, கவுன் இல்லை, யாரும் இல்லை. அடுத்தவர் தைத்ததைத் திருப்பிப் பார்ப்பதுபோல அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா வரைஞ்சிருக்காங்கண்ணே" என்றாள்.

அவர் வேறு ஏதாவது சொல்ல நினைத்தார். கடையில் யாரோ மணியடித்துக் கூப்பிட்டதால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ஓர் இளம் வழக்கறிஞரின் அங்கிக்குத் துணி வெட்டும்போது, இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். அத்தனை வருடத் தொழிலில் அவளுக்கு அப்படி நடந்ததில்லை. வெட்டிய துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தாள். அந்தக் கறுப்புத் துணி கைவசம் இல்லை, கடைத்தெருவுக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டியிருந்தது. அதனால் அங்கியை மறுநாள்தான் கொடுக்க முடிந்தது. வழக்கறிஞர் தாமதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அதை மாட்டிக்கொண்டே நீதிமன்றத்துக்குள் போனார்.